மருந்து டேங்கைச் சுமக்கிறவரிடமும் பேசுங்கள்

தருமபுரி மாவட்ட வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பாலக்கோடு வட்டத்தில் மூன்று ஏக்கரில் பயிர் செய்கிறவள். ஒன்றரை ஏக்கர் ராகி, ஒரு ஏக்கர் தக்காளி, மீதி அரை ஏக்கர் மரவள்ளி. பட்டா கணவர் பெயரில் இருக்கிறது. அவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. உங்களிடமிருந்து வருகிற குறுஞ்செய்தி எல்லாம் அவருடைய செல்போனுக்குத்தான் போகிறது. பகலில் சாரத்தின் மேல் நின்று படித்ததை ராத்திரி எனக்குப் போனில் சொல்வார். நான் மறுநாள், முதுகில் டேங்கைச் சுமந்து கூலிக்கு மருந்து அடிக்கிற அண்ணனிடம் சொல்வேன். இப்படி மூன்று வாய் மாறி வரும்போது மருந்தின் பெயர் திரிந்துவிடும், அளவு காணாமலே போய்விடும். கடைசியில் மிஞ்சுவது "டேங்குக்கு ரெண்டு மூடி" மட்டும்தான்.

போன புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன். ராகி கதிர் வாங்குகிற நேரம். ஒரு வாரமாக வெயிலே இல்லை, விட்டு விட்டுத் தூறல், காலையில் பனி. இலையில் கண் மாதிரிப் புள்ளிகள் வந்தன: நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு, இரண்டு முனையும் கூர். சில கதிர்களின் கழுத்து கறுத்து மடங்கியிருந்தது. குலை நோய் என்று தெரிந்தது. கடைக்குப் போனேன். அதற்கு ஒரு பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள். கூடவே, "புழுவும் இருக்கும், இதையும் சேர்த்து அடிச்சிடுங்க" என்று ஒரு பூச்சிமருந்தையும் கொடுத்தார்கள். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணன் பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார். காலையில் வேறொரு தோட்டத்தில் அடித்துவிட்டு நேரே எங்கள் நிலத்துக்கு. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்து, நடக்க நடக்க முதுகில் வழிந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டை மூக்கில் கட்டியிருந்தார். கையுறை கிடையாது. மருந்தைக் கலக்கித் தண்ணீர் மொண்டு ஊற்றியது நான், வெறுங்கையோடு. ஒன்பதாவது டேங்கில் கண் மங்குது என்றார். பிறகு வியர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் ஒழுகியது, வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். 108 வந்தது. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?"

யாருக்கும் தெரியவில்லை. நான் வாங்கிய மருந்தின் பெயரே எனக்குத் தெரியவில்லை. என் மகன் பைக்கில் திரும்பி வந்து வரப்பெல்லாம் தேடிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான். அதற்குள் டாக்டர் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்த்து, ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று கணித்து, அதற்கு முறிவான அட்ரோபின் ஊசி போட ஆரம்பித்திருந்தார். அண்ணன் ஆறு நாளில் வீடு திரும்பினார். அவர் பிழைத்தது அந்த டாக்டரின் அனுபவத்தால்.

அதன் பிறகுதான் நான் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டது எனக்கு நெஞ்சில் தைத்தது. கதிர்க் கழுத்தில் நோய் ஏறிய பிறகு என்ன அடித்தாலும் அந்தக் கதிர் பதர்தான். வேலை ஆடியிலேயே, விதைக்கும்போதே இருக்கிறது. நோய் கண்ட நிலத்து விதையையே நான் திரும்ப விதைத்திருக்கிறேன். கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்திருக்கலாம். பயிர் கருகருவென்று வரட்டும் என்று யூரியாவைக் கூடுதலாகப் போட்டேன், அது இந்தப் பூஞ்சாணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. வரப்புப் புல்லை அப்படியே விட்டிருந்தேன், அதிலும் இந்த நோய் தங்கும். குலை நோயைத் தாங்குகிற ஜி.பி.யு. 28 மாதிரி ரகங்களும் இருக்கின்றன. இதில் பாதி எனக்கு ஜூலையில் தெரிந்திருந்தால், செப்டம்பரில் அந்த மனிதர் என் நிலத்தில் டேங்க் தூக்கியிருக்க வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அந்தக் கேழ்வரகு விளைகிற நிலத்துக்கு இந்தச் செய்தியும் நேரத்தோடு வந்து சேர வேண்டும்.

உங்கள் துறையால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்தபோது ஆராய்ச்சி நிலையங்களோடு சேர்ந்து என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் பார்த்தோம். 2020இல் கேரளாவில் முதலில் தெரிந்த அந்தப் பூச்சி கொஞ்ச நாளிலேயே நம் பக்கம் வந்துவிட்டது. நுனி சுருண்டு, முடிச்சு முடிச்சாகி, கிழங்கே வைக்கவில்லை. ஆளாளுக்கு மருந்து அடித்துப் பார்த்தோம், பூச்சியின் மேலே இருக்கிற மாவுப் படலத்தைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. அதற்கு யாரும் டேங்க் தூக்க வேண்டியதில்லை, யாருக்கும் கண் மங்காது. அந்த மாதிரி வேலையை இன்னும் நிறையச் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் அது எல்லா நோய்க்கும் கிடைக்காது என்றும் தெரியும். அதனால்தான் டேங்க் தூக்குகிறவரைப் பற்றி எழுதுகிறேன்.

தக்காளியில் இன்னொரு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் செடிகளின் கொழுந்து திடீரென்று ஒடுங்கி, நூல் நூலாகத் திருகிக்கொண்டது. வைரஸ் என்றார்கள். வெள்ளை ஈக்கு மூன்று முறை மருந்து அடித்தேன். இலைச்சுருட்டு வைரஸை வெள்ளை ஈ பரப்பும் என்பது உண்மைதான், ஆனால் என் நிலத்தில் ஈயே கிடையாது. கடைசியில் பார்த்தால், பக்கத்துக் கரும்புக்கு டூ-ஃபோர்-டி களைக்கொல்லி அடித்த டேங்கையே சும்மா தண்ணீர் விட்டு அலசி என் தக்காளிக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். தக்காளியும் பருத்தியும் இப்படித் திருகிக்கொள்ள அந்த மருந்தின் வாடையே போதும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க், தனி நாசில் வேண்டும், காற்று அடிக்கும்போது அடிக்கக் கூடாது என்று மருந்து அடித்த ஆளிடம் அன்றுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எந்தப் பயிற்சிக்கும் அழைக்கப்பட்டதில்லை. அவருக்குப் பட்டா கிடையாது, உழவன் செயலியில் பதிவு கிடையாது, உங்கள் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை.

களை என்றதும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராகியில் களை எடுக்கப் போனால் மடியில் கீரையோடுதான் வீடு திரும்புவோம். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் கலந்து கடைந்தால் அன்றைக்குக் களிக்கு அதுதான். இப்போது ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, அதனால் நானும் சில இடங்களில் புல் மருந்துக்குப் போனேன், மறைக்கவில்லை. ஆனால் முந்தின நாள் மருந்து அடித்த வரப்பில் மறுநாள் கீரை கிள்ளுகிற பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாலே போதுமே. பாராகுவாட் என்கிற களைக்கொல்லி உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. அதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வீட்டு அலமாரியில் வைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது: மருந்தைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கத் தயாரிப்பாளர்களும் விநியோகிப்பவர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். பாதுகாப்பு உடை, முதலுதவி, காலி பாட்டிலை எப்படி அழிப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களிலும் கூலிக்கு அடித்தவர்கள் நிறைய. நம் மாவட்டத்தில் அப்படி ஒரு செய்தி வந்த பிறகு முகாம் போட வேண்டாம், ஐயா.

பயிற்சி முகாம்களைக் காலை பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் மருந்து அடிக்கிறவர் நிலத்தில் இருப்பார், களை எடுக்கிற பெண்ணும் நிலத்தில் இருப்பாள். ஊருக்குள் வந்து, மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். படம் போட்டுக் காட்டுவதைவிட ஒரு டேங்கைக் கொண்டுவந்து வாஷர் மாற்றிக் காட்டுங்கள். மருந்து மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று எல்லோரும் நம்புகிறோம். தோல் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது, நனைந்த முதுகும் நனைந்த துண்டும்தான் ஆபத்து என்பதை ஒரு தடவை நேரில் சொன்னால் போதும். சித்திரை வெயிலில் முழு உடுப்பு போட்டுக்கொண்டு யாரும் அடிக்க மாட்டார்கள், அதைச் சொல்லிப் பயனில்லை. விடிகாலையில் அடித்து முடிக்கச் சொல்லுங்கள், முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் போடச் சொல்லுங்கள், அது நடக்கும். தெளிப்பானுக்கு மானியம் தரும்போது அதோடு ஒரு ஜோடி கையுறையும் அளவு குவளையும் சேர்த்துக் கொடுத்தால் மூடிக் கணக்கு ஒழியும்.

அப்புறம், கடைகள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில்லும், பயிர் என்ன, நோய் என்ன, லிட்டருக்கு எவ்வளவு, அடித்த எத்தனையாவது நாள் பறிக்கலாம் என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டும் கொடுக்க வையுங்கள். தக்காளியை மூன்று நாளைக்கு ஒருமுறை பறித்துப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். காத்திருப்பு நாள் தெரியாமல் அனுப்பும் ஒவ்வொரு கூடையும் யாரோ ஒரு பிள்ளையின் தட்டுக்குப் போகிறது. அந்தச் சீட்டை டேங்க் தூக்குகிறவர் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். டாக்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

அண்ணன் இந்த வருடமும் மருந்து அடிக்கத்தான் போகிறார், அவருக்கு வேறு வேலை இல்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் முன்னால் நூறு பேர் உட்காரலாம், விளக்கு இருக்கிறது. ஆடி விதைப்புக்கு முன்னால் எந்த நாள் என்று சொல்லுங்கள். சுற்றியுள்ள நான்கு ஊரில் டேங்க் தூக்குகிறவர்களையும் களை எடுக்கிற பெண்களையும் கூட்டி வருவது என் பொறுப்பு. அண்ணன் தன் பழைய டேங்கோடு முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்து விவசாயி ஒருத்தி