மழையில் ஓடப்போகும் மகளுக்கு

வால்பாறை

அன்புள்ள கண்ணு,

ஐப்பசியில் சிக்மகளூர் காபித் தோட்டங்களுக்குள் 50 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ கேட்கிற ஆளா? ஆனால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகவே காலத்தைக் கழித்தவன் நான். மழையில் நனைந்து வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தே ரிட்டயர் ஆனவன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அட்டைக்குப் பயப்படாதே. எல்லாரும் அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். புகையிலையை ஊறவைத்த தேங்காயெண்ணெயைக் காலில் தடவிக்கொள். மீறிக் கடித்தால் பிடுங்காதே, உப்பும் போடாதே. அது வாய் வைத்திருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடு. அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும். வடியட்டும்.

பயப்பட வேண்டியது குளிருக்கு. "இது என்ன இமயமலையா?" என்பாய். நம் எஸ்டேட்டில் ஆடி மழையில் கொழுந்து பறிக்கும் பெண்களைச் சின்ன வயதில் நீயும் பார்த்திருக்கிறாய். கொட்டுகிற மழையில் மேடேறி, பள்ளம் இறங்கிப் பறித்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் ஆகாது. மூட்டையை இறக்கிவிட்டு நிறுவைக்கு வரிசையில் நிற்பார்கள் பார், அப்போதுதான் பல் கிட்டும். இடுப்பில் கட்டிய படங்குத் துணிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் ஒருவருக்கொருவர் அவிழ்த்துவிடுவார்கள். விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால் உடம்புச் சூடு இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மழை ஓடுகிறவளை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது, நிற்கும்போதுதான் பிடிக்கும். 50 கிலோமீட்டரில் கடைசிப் பதினைந்தை நீ நடக்கத்தான் போகிறாய். அதுதான் ஆபத்தான நேரம்.

சீனாவில் கான்சு மாகாணத்தில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். 2021 மே 22, நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம். ஓடியவர்கள் 172 பேர். நடுவழியில் ஆலங்கட்டி, உறையவைக்கும் மழை, பேய்க்காற்று. 21 பேர் செத்துப்போனார்கள். அதில் நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களும் உண்டு. பலர் அரைக்கால் சட்டையோடு மேலே மாட்டிக்கொண்டார்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவர் குகையில் நெருப்பு மூட்டி, போர்வை போர்த்தி ஆறு பேரைக் காப்பாற்றினார். சிக்மகளூரில் அந்தக் குளிர் வராதுதான். ஆனால் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு ஊர்க் கணக்குத் தெரியாது. நல்ல ரெயின்கோட் ஒன்று, பாலிதீன் பையில் கட்டிய உலர்ந்த பனியன் ஒன்று, மடித்து வைக்கிற அந்த வெள்ளித்தாள் போர்வை. எடை கூடுகிறது என்று இதில் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாதே. கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் தேறிவிட்டான் என்று நினைக்கக் கூடாது. அதுதான் மோசம். கூட ஓடுகிறவர்கள் யாருக்காவது அப்படி ஆனால் உன் நேரக் கணக்கை மறந்துவிட்டு அங்கேயே நில்.

ஆடி மழை நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்யும். ஐப்பசி மழை அப்படி இல்லை. காலையில் வெயில் பல்லைக் காட்டும், மூன்று மணிக்கு இடியோடு இறங்கும். உன் வேகத்துக்கு நீ அந்த நேரம் ஏதாவது மொட்டை முகட்டில்தான் இருப்பாய். இடி கேட்டதும் இறங்கப் பார். தனி மரத்தடியில் ஒதுங்காதே.

ஓடையைப் பார்த்துத் தாண்டு. தெளிந்து ஓடுகிற தண்ணீர் திடீரென்று செம்மண்ணாய்க் கலங்கினாலும், மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் குறைந்தாலும் மேலே ஏதோ சரிகிறது என்று அர்த்தம். மூணாறு பக்கம் பெட்டிமுடியை மறந்திருக்க மாட்டாய். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயத்தோடு, தொழிலாளர் வரிசை வீடுகளோடு, எழுபது பேரை மண் மூடியது. பெரும்பாலும் நம்மைப் போல அங்கே போய்ப் பிழைத்த தமிழ் ஆட்கள். மலையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைக் கோபமாகவே எழுதுகிறேன். முட்டி வலிக்கிறது என்று ஓடும்போது இபுபுரூஃபன் போடுகிறார்களாம். உடம்பில் தண்ணீர் வற்றி, தசை நைந்து கிடக்கிற நேரத்தில் அந்த மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும். தொடாதே. தண்ணீரும் தாகத்துக்குத்தான். ஒவ்வொரு பந்தலிலும் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். மோதிரம் இறுகி, தலை வலித்து, வாந்தி வந்தால் இன்னும் குடிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதே, முதலுதவிக் கூடாரத்துக்குப் போ.

ஓடி முடித்த பிறகு சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவு. எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் இருந்து எலிக்காய்ச்சல் வரும். அதில் கெண்டைக்கால் வலிக்கும், நீ ஓடிய வலி என்று நினைத்துக்கொள்வாய். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால் டாக்டரிடம் "சேற்றில் ஓடினேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

நடுவில் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்காதே. நீ ஓயாமல் பேசுவாயே, ஆல்ப்ஸ் மலை ஓட்டப் போட்டி யூடிஎம்பி, அதையே 2010-ல் தொடங்கிய சில மணி நேரத்தில் வானிலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

பொள்ளாச்சி பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். புகையிலை எண்ணெய், ஓஆர்எஸ் பாக்கெட், வேஸ்லின் (சாக்ஸ் போடுமுன் பாதம் முழுக்கத் தடவு, ஈரத்தில் தோல் ஊறி உரியாது), விசில், அம்மா செய்த புளியோதரைப் பொடி. உனக்கு 50 கிலோமீட்டர் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் 80 ஓடப்போவதாகத் தம்பி உளறியதை இன்னும் சொல்லவில்லை. அதை நீயே நேரில் வந்து சொல்லிக்கொள்.

அப்பா