நியூரோஃபீட்பேக் தொடங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தூக்கம் சரியில்லை, கவனம் நிற்கவில்லை, நியூரோஃபீட்பேக் எடுத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். முதல் அமர்வுக்குப் போகுமுன் இதைப் படித்துவிடும்மா.

மூளை அலையைத் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்கும் பயிற்சிதான் நியூரோஃபீட்பேக். அந்தக் கருவி மூளைக்குள் எதையும் செலுத்தாது. தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு உன் மூளை அலையை வாங்கும், கணினி அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும். 4–8 ஹெர்ட்ஸ் தீட்டா, 8–12 ஆல்ஃபா, 12–15 எஸ்.எம்.ஆர். (உணர்வு-இயக்கப் பகுதியின் அலை), அதற்கு மேலே பீட்டா. உடம்பு அசையாமல் மனம் மட்டும் விழித்திருக்கும்போது எஸ்.எம்.ஆர். கூடும். கூடியதும் திரையில் படம் ஓடும், அதுதான் உனக்கு வெகுமதி; குறைந்தால் மங்கிவிடும். இந்தப் பதில் அரை நொடிக்குள் வந்தால்தான் எதற்காக வந்தது என்று மூளை பிடித்துக்கொள்ளும். 1960களில் பாரி ஸ்டெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பூனைகளுக்கு உணவை வெகுமதியாகக் கொடுத்தே இந்த அலையைக் கூட்டப் பழக்கினார். பூனைகளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. நீயும் வலிந்து எதுவும் செய்ய வேண்டாம், வலிந்தால் தசை இறுகும்.

தசைதான் இதில் பெரிய வில்லங்கம். மூளை அலை சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில பத்து மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும், கணினியோ அதையும் பீட்டா என்றே எண்ணும். கண் சிமிட்டல் நெற்றிப் பக்கத்தில் பெரிய மெதுவான அலையாக விழுந்து தீட்டாவோடு கலந்துவிடும். பீட்டாவைக் கூட்டும் பயிற்சியில் இதைக் கவனிக்காவிட்டால் நீ பழகுவது பல் கடிப்பதைத்தான். அதனால் தொடங்குமுன் பயிற்சியாளர் உன்னைப் பல் கடிக்கவும் கண் சிமிட்டவும் சொல்லி, திரையில் அலை எப்படி மாறுகிறது என்று காட்டவேண்டும். பயிற்சியின்போதும் 22–30 ஹெர்ட்ஸ் எகிறினால் வெகுமதி நிற்கும்படி அமைத்திருக்கவேண்டும்.

எஸ்.எம்.ஆர். பயிற்சிக்கு உச்சந்தலையின் நடுப்புள்ளி வேண்டும். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை டேப்பால் அளந்து பாதி, ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காது வரை அளந்து பாதி, இரண்டும் சந்திக்கும் இடம் அது. கண் அளவில் ஒட்டுகிறவரிடம் போகாதே. முடியை வகிடெடுத்து, தோலை ஜெல்லால் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒட்டவேண்டும். இரண்டு காது மடல்களிலும் ஒவ்வொரு எலக்ட்ரோடு, ஒன்று ஒப்பீட்டுக்கு, மற்றது கிரவுண்டு. இம்பிடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே வராமல் ஆரம்பித்தால் மின்கம்பி இரைச்சலும் ஒயர் ஆட்டமும் உள்ளே நுழைந்துவிடும். எண்ணெய் தேய்த்த தலையோடு போனால் இது இறங்கவே இறங்காது.

வெகுமதியின் எல்லை, அதாவது அலை எந்த அளவைத் தாண்டினால் படம் ஓடும் என்பது, எப்படி நகர்கிறது என்றும் கேள். பொதுவாக அறுபது எழுபது சதவீத நேரம் வெகுமதி கிடைக்கும்படி வைப்பார்கள். சில மென்பொருள்கள் எல்லையைத் தானாகவே ஓயாமல் மாற்றும். அப்போது நீ சோர்ந்து அலை குறைந்தாலும் எல்லையும் கூடவே இறங்கும், மோசமானதற்கும் பரிசு கிடைக்கும். முதல் இரண்டு மூன்று நிமிடம் பார்த்து எல்லையை முடிவுசெய்து, அந்தச் சுற்று முடியும்வரை மாற்றாமல் வைப்பதே சரி. சுற்று மூன்று முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஓய்வு, மொத்தம் அரை மணி நேரம். வாரம் இரண்டு மூன்று தடவை, இருபது முதல் நாற்பது அமர்வு. கடைசி அமர்வுகளில் திரையை அணைத்துவிட்டு அதே நிலைக்கு வர முயற்சி செய். திரை இல்லாமல் வராவிட்டால் வீட்டில் உதவாது.

பலனைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தூக்கமின்மைக்கு 2017-இலும், குழந்தைகளின் ஏ.டி.ஹெச்.டி.க்கு (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) 2021-இலும் வெளியான இரட்டை மறைப்புச் சோதனைகளில், அதாவது யாருக்கு உண்மைப் பயிற்சி, யாருக்குப் போலி என்று இரு தரப்புக்கும் தெரியாத சோதனைகளில், இது போலிப் பயிற்சியைவிட மேலாகத் தெரியவில்லை. இரு பக்கமும் முன்னேறினார்கள். அதனால் தூக்கத்துக்கு முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத் தொடங்கு, இதைக் கூடுதலாக வைத்துக்கொள். டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதே. தலைவலி, எரிச்சல், தூக்கம் இன்னும் கெடுவது என்று வந்தால் அன்றே பயிற்சியாளரிடம் சொல். அலைவரிசையோ இடமோ மாற்றவேண்டியிருக்கும்.

முதல் அமர்வின் அலைப் பதிவை அப்படியே வாங்கி எனக்கு அனுப்பு. பல் கடித்த இடமும் கண் சிமிட்டிய இடமும் குறித்திருக்கட்டும், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா