ஆய்வு என்றதும் ஏன் இந்தப் பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். வளரிளம் பருவத்தினரின் மனநிலை பற்றி ஆய்வு செய்ய ஒரு கல்லூரியிலிருந்து எங்கள் பள்ளியில் அனுமதி கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் தூக்கம், சோர்வு, கோபம் பற்றிக் கேள்வித்தாள். சிலருக்கு மட்டும், வீட்டில் சம்மதித்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அவ்வளவுதான். "பைத்தியக்கார ஆராய்ச்சிக்கு எங்க பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா?" என்று ஒருவர் எழுந்தார். "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க காதுக்குப் போனா?" என்றார் ஓர் அம்மா. பேச்சு அத்துடன் முடிந்தது.

இதே பெற்றோர்தான் என் கடைக்கு வந்து, "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான், ஏதாவது சத்து மாத்திரை குடுங்கண்ணே" என்கிறார்கள். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நினைக்கிறோம். இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிப்படும்; மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறி வரையறையிலேயே அது உண்டு. எரிச்சலோடு தூக்கமும் கெட்டு, விளையாட்டிலும் நண்பர்களிடமும் நாட்டம் போய், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது டானிக்கில் தீருகிற விஷயம் இல்லை. அதற்காகக் கோபப்படுகிற பிள்ளை எல்லாம் நோயாளியும் இல்லை. எது பருவம், எது நோய் என்று பிரித்தறியத்தான் ஆய்வே வேண்டும்.

பதின்ம வயதில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துக்கொண்டே, மிச்சமிருப்பவற்றை வேகப்படுத்துகிறது. உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நிதானித்து யோசிக்க வைக்கும் நெற்றிப்புறப் பகுதி முழுதாகப் பக்குவப்பட இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அமெரிக்காவில் ஜே கீட் குழுவினர் பிள்ளைகளைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1999இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. ஒரே ஒரு படத்தை வைத்து வளர்ச்சியை எப்படிச் சொல்வது?

என் தொழிலுக்கு இது நேராகவே வருகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் சில இளையவர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. அதற்கு மேற்பட்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. பெரியவர்களிடம் சோதித்ததை அப்படியே பிள்ளைகளுக்கும் பொருத்த முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு, மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பழைய சீட்டை நீட்டி இன்னும் பத்து நாளைக்குக் கேட்கவும் வேண்டாம்.)

நம் நாட்டிலும் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் முன்னின்று 6 முதல் 23 வயது வரையிலானவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. சுற்றுப்புற நச்சுப் பொருள்களின் தாக்கத்தையும் பார்க்கிறார்கள். பெங்களூரு, மைசூரு, ரிஷி வேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் என்று மையங்கள். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள், 2015 வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள், சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். இவர்களைப் பற்றி மைசூரில் எடுத்த ஸ்கேன் என்ன சொல்லிவிடும்?

ஆய்வாளர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. அனுப்பிய சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். கூட்டம் வைத்தது வேலை நாள் காலை பதினொரு மணிக்கு; தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா எப்படி வருவார்? எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, சத்தம் மட்டும்தான் அதிகம் என்பதைக்கூட யாரும் வந்து சொல்லவில்லை. பதினெட்டுக்குக் கீழே பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும், விருப்பமில்லை என்றால் பாதியில் விலகலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. படிவத்தில் தமிழில் முதல் வரியாக இருக்க வேண்டியது இதுதான்.

எங்கள் குழு இதை மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்: மாலை ஏழு மணிக்குக் கூட்டம், தமிழில் படிவம், கேள்விக்குப் பதில் சொல்ல ஆய்வாளர் நேரில். மற்றப் பள்ளிகளின் குழுக்களும் இதையே கேட்கலாம். பிள்ளையைப் பற்றி இப்போதே கவலை இருப்பவர்கள் ஆய்வு வரும்வரை காத்திருக்காமல் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்