அட்மிட் ஆவதற்கு முன் எழுத வேண்டிய ஒரு தாள்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்த சந்தோஷத்தையும், உன் வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்ற கவலையையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். பக்கத்திலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரி போதுமா என்று கேட்டிருந்தாய். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, பித்தப்பை எடுப்பது அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளிலும் வழக்கமாக நடப்பதுதான். ஆனாலும் சேர்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள். இரவில் டாக்டர் உள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்? நிலைமை மோசமானால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள், ஆம்புலன்ஸில் கூட யார் போவார்கள்? நேரடியாகப் பதில் சொன்னால் தைரியமாகச் சேர்க்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று மழுப்பினால், நானாக இருந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் காரியம் தவறிப்போவது பெரும்பாலும் தகவல் கைமாறும்போதுதான். பகல் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனது இரவு நர்ஸுக்கு முழுசாகப் போய்ச் சேராது. வார்டில் சொன்னது ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாது. அதனால் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதுவது. மேலே பெயர், பிறந்த தேதி, உன் போன் நம்பர். அதற்குக் கீழே அவர் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். "வெள்ளை கலர் பிரஷர் மாத்திரை" என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. அட்டையைப் பார்த்தே எழுது. மூலிகை மாத்திரை, வாரம் ஒருமுறை போடும் ஊசி, கண் சொட்டு மருந்து எதையும் விடாதே. அடுத்தது ஒவ்வாமை. "பென்சிலின் ஆகாது" என்பது பாதித் தகவல்தான். உடம்பில் தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, வயிற்றைப் புரட்டியதா என்பதையும் சேர்த்து எழுது, மூன்றும் வேறு வேறு. பழைய ஆபரேஷன்கள், முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது சிக்கல் இருந்ததா என்பதையும் குறித்துக்கொள். நாலு நகல் எடுத்து, ஒன்றை அவருடைய ஃபைலில் முதல் பக்கமாக வை.

மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்கும்போது கேளுங்கள், ஆனால் அந்தச் சந்திப்பை ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக 5 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இது நடக்கலாம் என்பதால் சட்டென்று பிடிபடாது. இதற்கு நேர்மாறாக, மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற இதய மாத்திரைகளைத் திடீரென்று விடக்கூடாது. ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாகுளுடைடு ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

பட்டினி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மயக்கம் கொடுக்கும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே லேசான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டும். எண்ணெய், கொழுப்பு அதிகமானால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பொதுவான விதி. பால் சேர்த்த காபி, டீ இரண்டும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடுவதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். அதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடச் சொல். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வயிற்றில் முடியை வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். தேவைப்பட்டால் அங்கே கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள். சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடு. பல்செட்டுக்கு மூடியுள்ள டப்பா எடுத்துப் போய் அதன்மேல் பெயர் எழுது; டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்த பல்செட் குப்பைக் கூடைக்குப் போவது எல்லா வார்டிலும் நடக்கிற கதை. மூக்குக் கண்ணாடி, காது கருவி, அதற்கு மாற்று பேட்டரி, வழுக்காத செருப்பு, பழைய ஸ்கேன் படங்கள், அடையாள அட்டை, இன்ஷூரன்ஸ் தாள். வேறெதுவும் தேவைப்படாது.

ஒப்புதல் படிவத்தை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டு நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். முந்தின நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். பித்தப்பைக்கு ஒரு கேள்வி முக்கியம்: லேப்ராஸ்கோப்பியில் முடியாமல் போனால் வயிற்றைத் திறப்பார்களா? அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். திறக்க நேர்ந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் கூடும்.

கையில் கட்டும் பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று கட்டும்போதே பார். ஒவ்வொரு மருந்துக்கும், ரத்தம் எடுப்பதற்கும் முன்னால் அவர்கள் பெயர் கேட்பார்கள். பத்தாவது தடவையும் சலித்துக்கொள்ளாமல் சொல்லச் சொல். கேட்காமல் ஊசி போட வந்தால், "இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று நீயே கேள்.

ஆபரேஷன் முடிந்தபின் வயிற்றைவிட வலது தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லலாம். பயப்படாதே. வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, சில நாளில் போய்விடும். வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். தாங்கிக்கொண்டு 8 ஆனதும் கேட்பதைவிட 4-லேயே கேட்டால் குறைந்த மருந்தில் அடங்கும். வலியோடு கிடந்தால் ஆழமாக மூச்சு விடமாட்டார், நுரையீரலில் சளி கட்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து ஆழ்ந்த மூச்சு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, சொன்னதும் எழுந்து நடப்பது, இவை மூன்றும் மருந்துக்குச் சமம். ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றால் நர்ஸிடம் சொல். வயதான ஆண்களுக்கு மயக்க மருந்துக்குப் பிறகு அடைத்துக்கொள்வது உண்டு.

முதல் முறை எழும்போது தனியாக விடாதே. கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்காரட்டும், தலை சுற்றவில்லை என்றால் எழட்டும். இரவு பாத்ரூம் போகும்போதுதான் அதிகம் விழுகிறார்கள், மணியை அடிக்கக் கூச்சம்தான் காரணம். டிரிப்ஸ் மெஷின் கத்தினால் முதலில் முழங்கை மடங்கியிருக்கிறதா பார், பாதி நேரம் அதுதான். மடங்கவில்லை என்றால் பட்டனைத் தொடாமல் நர்ஸைக் கூப்பிடு. ஊசி இருக்கும் இடம் சிவந்தாலோ வீங்கினாலோ உடனே சொல். சிறுநீர்ப் பை வைத்திருந்தால் அது எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். தூக்கிக் கட்டில் மேல் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய் தொற்று வரும்.

பார்க்க வருகிறவர்களை நீதான் கட்டுப்படுத்த வேண்டும், உனக்கு இது கஷ்டம் என்று தெரியும். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் போனில் பேசட்டும். வாந்தி, பேதி இருந்தவர்கள், அது நின்று 48 மணி நேரம் கழித்து வரட்டும். உள்ளே வரும்போதும் போகும்போதும் கைக்குக் கிருமிநாசினித் திரவம் போட்டு 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும்; வார்டில் பேதி நோயாளி இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், திரவத்துக்குச் சாகாத கிருமி அதில் உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார் என்று இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், அவர் பட்டினி இருக்க வேண்டியவராக இருக்கலாம். டாக்டரிடம் பேசுவது நீ ஒருத்தி மட்டும். நாலு பேர் தனித்தனியாகக் கேட்டால் நாலு பதில் வீட்டுக்கு வரும்.

தேதிக்கு முன்பே வலி வந்து எமர்ஜென்சிக்கு ஓட நேர்ந்தால், அங்கே வரிசை வந்த நேரப்படி இருக்காது, ஆபத்துப்படி இருக்கும். காத்திருக்கும்போது அவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதே. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள் இரண்டையும் பார்த்தால் திரும்பப் போய்ச் சொல், வரிசை மாறும்.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னாலும் சம்மரி, மருந்து, பில் முடிந்து கிளம்ப மாலையாகிவிடும். அந்த நேரத்தை வீணாக்காமல், உன் தாளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். எது புதிது, எது நின்றது, எதற்கு அளவு மாறியது? நிறுத்திய மாத்திரையை எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பிப்பது என்பது அதில் விட்டுப்போயிருக்கும். கேட்டு எழுதி வாங்கு. வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. மயக்க மருந்துக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கண் மஞ்சள், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரியானாலும் போக வேண்டும். எந்த நம்பருக்கு அழைப்பது என்று கிளம்பும்போதே வாங்கிக்கொள்.

எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும், கேட்காவிட்டால் ஃபைலிலேயே கிடக்கும். மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் கேட்டு வாங்கு.

மயக்க டாக்டர் அவருடைய மாத்திரைகளைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
கல்யாணி