கோரிக்கை மனு: திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பே ராட்டினங்களுக்கு அனுமதியும், ராட்டினத்தைப் பொருத்திப் பூட்டிய பிறகு நேரடிச் சோதனையும் வேண்டி

அனுப்புநர்
திருவிழா ராட்டினம் நடத்துபவர்
(சக தொழில் செய்பவர்கள் சார்பாகவும்),
புதுவயல், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களில் கோயில் திருவிழாக்களில் ராட்டினம் போடுவதற்கான அனுமதியைப் பத்து நாள் முன்னதாக வழங்கவும், எல்லாத் துறையும் சேர்ந்து ஒரே நாளில் களத்தில் சோதனை செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களில் திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. ஒரு ராட்சத ராட்டினம், படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடும் கொலம்பஸ் ஒன்று, சின்னப் பிள்ளைகள் ஏறும் ரயில் ஒன்று, இவைதான் எங்கள் சொத்து. பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டில் தொடங்கினால் திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பம், காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா என்று பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி வரைக்கும் லாரி ஓரிடத்தில் நிற்காது. ஐப்பசி மழைக்குச் சாமான்களைக் கொட்டகையில் போட்டுத் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, பேரிங் மாற்றி அடுத்த தைக்குத் தயார் செய்வோம். அந்த மூன்று மாதமும் வருமானம் கிடையாது, செலவு மட்டும்தான்.

சோதனையைக் குறையுங்கள் என்றோ விதியைத் தளர்த்துங்கள் என்றோ கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. இன்னும் கூடுதலாகவே சோதியுங்கள். ஆனால் அனுமதி உண்டா இல்லையா என்பதைக் காப்புக் கட்டுக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் பூட்டுகிற ராட்டினம்தான் ஆபத்தான ராட்டினம். அந்த அவசரம் எங்கே உண்டாகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓர் ஊரில் ராட்டினம் போட வேண்டுமானால், முதலில் இடத்தை ஏலம் எடுத்தவரிடம் தரை வாடகை பேசி முன்பணம் கொடுக்க வேண்டும். அப்புறம் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், பொதுப்பணித்துறை, மின்வாரியம், சுகாதாரத்துறை, உள்ளாட்சி அலுவலகம் என்று தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டும். அந்தச் சான்று வந்தால்தான் இந்தச் சான்று என்பார்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிப் பக்கத்து ஊர்கள் சில அதில் சேர்ந்த பிறகு, எந்தப் பொட்டலுக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதே சில இடங்களில் தெளிவாக இல்லை. கடைசிக் கையெழுத்து பெரும்பாலும் காப்புக் கட்டிய பிறகுதான் விழுகிறது. எந்த அலுவலரையும் குறை சொல்ல நான் வரவில்லை. திருவிழா நேரத்தில் அவர்களுக்குப் பந்தோபஸ்து, குடிநீர், மருத்துவ முகாம் என்று தலைக்கு மேல் வேலை. எங்கள் கோப்பு கடைசியில்தான் கைக்கு வரும். அதுவும் புரிகிறது.

ஆனால் களத்தில் நடப்பது இதுதான். அனுமதி வரும் வரை சாமான்கள் லாரியிலேயே கிடக்கும், அல்லது பாதி பூட்டியபடி நிற்கும். அனுமதி மாலை நான்கு மணிக்கு வந்தால், ஆறு மணிக்கு ஜனங்கள் டிக்கெட் கவுன்டர் முன்னால் நிற்பார்கள். தரைக் குத்தகைக்காரர் "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று நெருக்குவார். மொத்தத் திருவிழா வருமானமும் சாயங்காலம் ஆறு முதல் இரவு பத்து, பதினொரு மணிக்குள் வருவதுதான். ஒலிபெருக்கியை 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறோம். பாட்டு நின்றால் கூட்டமும் கலைந்துவிடும். ஒரு நாள் போனால் போனதுதான், அந்தப் பணம் திரும்பி வராது. இந்த நெருக்கடியில் எத்தனை பேர் நிதானமாக நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஊர் மாரியம்மன் திருவிழாவில் எங்களுக்கே இது நடந்தது. பொங்கல் வைக்கிற அன்று பொழுது சாய்ந்த பிறகு அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய இரவு கோடை மழை கொட்டியிருந்தது. எங்களுக்குக் கொடுத்திருந்த இடமோ கண்மாய் உள்வாயை ஒட்டிய களிமண் தரை. ஊருணி மேட்டுச் சரளைப் பொட்டலில் ராட்டினம் போட்டால் பயமில்லை, தரை இரும்பாக இருக்கும். களிமண் அப்படியல்ல. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பாரம் ஏறி ராட்டினம் சுற்றச் சுற்ற, கட்டை ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கும். கால்களுக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டையை இரட்டை வரிசையாகக் கொடுத்து, நாலு காலிலும் ரசமட்டம் வைத்து, ஆள் ஏற்றாமல் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டிவிட்டு, திரும்ப ரசமட்டம் பார்த்தால்தான் நம்பலாம். அன்று அதைச் செய்யாமல் ஆள் ஏற்ற மாட்டேன் என்று நின்றேன். சும்மா ஓட்டிப் பார்த்ததில் வடக்குக் கால் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திக் கட்டை மாற்றி முடிக்க நடு இரவு தாண்டிவிட்டது. குத்தகைக்காரர் கோபித்துக்கொண்டார், முன்பணத்திலும் பிடித்தம் செய்தார். அந்தத் தரையை ஒரு பொறியாளர் ஒரு வாரம் முன்னால் வந்து பார்த்திருந்தால் வேறு இடம் காட்டியிருப்பார்.

இப்போதைய சோதனை பெரும்பாலும் காகிதத்தில் முடிகிறது. ராட்டினம் பூட்டுவதற்கு முன்பே சான்று வாங்க வேண்டியிருப்பதால், பொறியாளர் பார்ப்பது லாரியில் கிடக்கும் இரும்பைத்தான். கிடக்கும் இரும்பை வைத்து ராட்டினம் சரியா என்று சொல்ல முடியாது. பூட்டியபின் ஒவ்வொரு இணைப்பிலும் போல்ட்டுக்கு இரட்டை நட்டு இருக்கிறதா, பின்னுக்குப் பூட்டுக் கம்பி போட்டிருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். வெல்டிங் பிடித்த இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். விரிசல் விட்டிருந்தால் சத்தம் மழுங்கிவரும். பெட்டிக் கதவின் கொக்கி தானாகத் திறக்காமல் மேல் கிளிப்பும் விழுகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். பெட்டிகளில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டி, பிரேக் எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஓட்டுகிறவனை வைத்தே ஆள் ஏற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். ராட்சத ராட்டினத்தில் ஒரு பெட்டியில் ஆள் ஏற்றினால் அடுத்து அதற்கு நேர் எதிர்ப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். ஒரே பக்கம் பாரம் சேர்ந்தால் பிரேக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் தாங்காத இழுவை. இது தெரியாதவன் கையில் லீவர் இருக்கக் கூடாது. மின்சாரம் போனால் பிரேக்கைத் தளர்த்திக் கையால் சுற்றி ஒவ்வொரு பெட்டியாக இறக்கத் தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

மின்சாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துச் செம்மண் சரளை காய்ந்து கல்லாகிவிடும். எர்த் கம்பியை அடித்து இறக்கினாலும் பிடிக்காது. குழியில் உப்பும் கரியும் போட்டுத் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் எர்த் வேலை செய்யும். கசிவு வந்தால் உடனே வெட்டிவிடும் டிரிப்பர் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாக வேண்டும். இரும்பு ராட்டினத்தைச் சுற்றிக் குழந்தைகள் வெறுங்காலோடு நிற்கிற இடம் இது. மின் ஆய்வாளர் எர்த்தை அளந்து பார்க்காமல் எந்த ராட்டினத்துக்கும் அனுமதி தர வேண்டாம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

முடி விஷயமும் அப்படியே. பால்குடம் எடுத்த பெண்கள் ஈரத் தலையோடு கூந்தலை விரித்துவிட்டபடி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முடிந்துகொள்ளச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். சேலை முந்தானை, துப்பட்டா எதுவும் சுற்றும் பக்கம் தொங்கக் கூடாது. இதை ஓட்டுகிற பையன் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆட்சியர் அலுவலக உத்தரவாக ஒரு பலகை கவுன்டரில் தொங்கினால் கேட்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் புதிதாக ஒரு விதி எழுத வேண்டிய அவசியம் இல்லை. இந்தியத் தர அமைவனம் ராட்டினம் போன்றவற்றுக்கென்றே ஐஎஸ் 15475 என்ற பாதுகாப்புத் தரத்தை வெளியிட்டிருக்கிறது. அதைத் தமிழில் எளிமையாக ஒரு படிவமாக்கிக் கொடுத்தால், அதன்படி தினமும் காலையில் நாங்களே பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எப்போது வேண்டுமானாலும் அலுவலர்கள் வந்து பார்க்கட்டும். எழுதாதவரின் ராட்டினத்தை அன்றே நிறுத்தட்டும்.

நேரம் கிடைக்காது என்று சொல்வதற்கும் இடமில்லை. மாசி மகம் எந்தத் தேதி, பங்குனி உத்திரம் எந்தத் தேதி என்று பஞ்சாங்கம் முந்தைய சித்திரையிலேயே சொல்லிவிடுகிறது. கோயில் கமிட்டி நாள் குறித்துவிட்டால் ஊர் முழுக்கத் தெரியும். காப்புக் கட்டுக்கு ஒரு மாதம் முன்னதாக மனுக் கொடுக்க நாங்கள் தயார். பிந்திக் கொடுப்பவர் மனுவை வாங்கவே வேண்டாம். ஜிஎஸ்டி பட்டியலில் எங்கள் தொழிலுக்கு இடம் இருக்கிறது. 28 சதவீதமாக இருந்த வரியை 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். வரி போட ஒரு பட்டியல் இருக்கும்போது, அனுமதி தருவதற்கும் ஒரு கால அட்டவணை இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறேன். தேவகோட்டை வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் ராட்டின மனுக்களுக்கு ஒரே மேசை வேண்டும். அங்கே கொடுக்கும் ஒரு மனுவே எல்லாத் துறைக்கும் போக வேண்டும். இடத்தைப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்ற பதில் காப்புக் கட்டுக்குப் பத்து நாள் முன்னால் எழுத்தில் வர வேண்டும். இல்லை என்றாலும் சரி, வேறு ஊருக்குப் போய்விடுவோம். உண்டு என்றால் நாங்கள் பூட்டி முடித்ததும் காவல், தீயணைப்பு, பொதுப்பணி, மின் ஆய்வு எல்லோரும் ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில் வந்து ஓட்டிப் பார்த்து, அங்கேயே ஓட்டும் உத்தரவு தரட்டும். அதற்கான கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். கோயில், ஊராட்சி, நகராட்சி எந்த இடத்தை ஏலம் விட்டாலும், அனுமதி மறுக்கப்பட்டால் தரை வாடகை முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பணம் மாட்டிக்கொண்டதால்தான் பலர் எப்படியாவது ஓட்டிவிடத் துடிக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு எடுக்காதவருக்கு அனுமதி இல்லை என்றும் சேர்த்துவிடுங்கள்.

எங்களிடம் வேலை செய்யும் பையன்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய ஆதார் நகல்களைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுகிறோம். இரவில் லாரிக்கு அடியிலும் ராட்டினத்துக்குக் கீழேயும்தான் படுக்கிறார்கள். திருவிழா நடக்கும் நாட்களில் பொட்டலுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் அவர்கள் பயன்படுத்த வழி செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மீனாட்சிபுரம் மாசி பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால், அந்தத் திருவிழாவிலிருந்தே இந்த முறையைச் சோதனையாகத் தொடங்க வேண்டுகிறேன். முதல் சோதனைக்கு எங்கள் ராட்டினத்தையே நிறுத்திக் காட்டத் தயாராக இருக்கிறேன். அலுவலர்கள் வரும் நாளை மூன்று நாள் முன்னால் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராட்டினம் நடத்துபவர், புதுவயல்.

இடம்: சிவகங்கை, மக்கள் குறைதீர் கூட்டம்.

இணைப்பு: சக ராட்டினத் தொழில் செய்பவர்களின் கையொப்பங்கள், எங்கள் மூன்று ராட்டினங்களின் படங்கள், தினசரிச் சோதனைப் பதிவேட்டின் மாதிரிப் பக்கம்.

நகல்: வருவாய்க் கோட்ட அலுவலர், தேவகோட்டை; ஆணையர், காரைக்குடி மாநகராட்சி.