வீட்டுத்தோட்டச் சங்க ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அக்கா அண்ணன்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலை மண்டபத்தில் நடந்தன. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பொதுத்தேர்தல் என்று மண்டபம் இரண்டு முறை வாக்களிப்பு நிலையமாகிவிட்டதால் அந்த இரு கூட்டங்களும் தள்ளிப்போயின. வரவு சுமார்தான், தேநீர் நேரத்துக்கு வந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டு நமது முக்கிய வேலை, போன பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின்படி, உயர்மலைச் செடிகளைப் பதுளையில் வளர்த்துப் பார்ப்பது. அல்ப்ஸ், இமயமலைப் பாறைகளில் முளைக்கும் எடெல்வைஸ், ஜென்ஷியன், சக்சிஃப்ராகா, செம்பர்வைவம் போன்றவை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். நூறு மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும் என்று கணக்கிட்டால், நமக்கும் நுவரெலியாவுக்கும் ஏழு பாகை வித்தியாசம். அந்த நுவரெலியாவே இந்தச் செடிகளுக்குத் தாழ்நிலம்தான். நாட்டிலேயே உயரமான பீதுருதலாகலை 2,524 மீற்றர். அதன் உச்சிவரை மரம் நிற்கிறது. இவை மரமே முளைக்காத உயரத்துப் பிள்ளைகள்.

ஆகவே ஆண்டின் முதல் பாதி முழுக்க எல்லோரும் குளிரைத் தேடியே அலைந்தோம். சிலர் காலை மாலை ஐஸ் கட்டி வைத்தார்கள். ஒருவர் இரவில் சட்டியைப் பிரிஜுக்குள் வைத்துக் காலையில் வெயிலுக்கு எடுத்தார். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. செத்தவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. இலை காயவில்லை. வேரும் தண்டும் சேரும் கழுத்து கறுத்து அழுகியிருந்தது.

பனிமலையில் இந்தச் செடி குளிர்காலம் முழுவதும் பனிப் போர்வைக்கடியில் உறங்கிக் கிடக்கிறது. அங்கே மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும்; கழுத்தில் ஈரம் தேங்காது. பனி உருகினாலும் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக ஓடிவிடும். இங்கேயோ இரவிலும் சட்டி மண் ஆறுவதில்லை. பகலில் சேர்த்த உணவைச் செடி வெப்பமான இரவிலேயே செலவழித்துவிடுகிறது. அதற்கு மேல் தேங்காய்த் தும்புக் கலவையில் தண்ணீரும் தேங்கினால் எது தாங்கும்? லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 2006இல் திறந்த டேவிஸ் அல்பைன் இல்லத்திலும் நிலத்தடியில் ஆறிய காற்றைச் செடிகளின்மேல் ஊதித்தான் சமாளிக்கிறார்கள். காற்றோட்டமும் வடிகாலும்தான் பிரதானம், ஐஸ் அல்ல.

இதை நமக்குக் காட்டித் தந்தவர், தேயிலைத் தோட்டத்தில் வேலைகளை மேற்பார்த்த முன்னாள் கண்டக்டர் ஐயா. ஐஸ் வைத்த கூட்டத்தில் அவர் சேரவில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் கட்டிய பழைய கல்லுக்கட்டில், கிழக்குப் பார்த்த பக்கத்து இடுக்குகளில், சரளை மண்ணை விரலால் திணித்துச் செம்பர்வைவத்தைச் செருகிவிட்டார். செடி படுக்கையாக நிற்பதால் மழைத்தண்ணீர் ரோசாப்பூ மாதிரி விரிந்த இலையடுக்கில் நிற்காமல் வழிந்துவிடுகிறது. வேர் கல்லின் பின்னால் போய்க் குளிர்ச்சி தேடுகிறது. மதியத்துக்கு மேல் நிழல் விழுகிறது. நவம்பரில் போய்ப் பார்த்தோம்: தாய்ச்செடியின் இலைக்கடியிலிருந்து சிவந்த காம்பு நீட்டி, நுனியில் பட்டாணி அளவு குட்டிகள் தொங்கின. ஒன்று இடுக்குக்குள்ளேயே வேர் விட்டிருந்தது. பூக்கவில்லை. பூக்குமா என்று கேட்டவருக்கு ஐயா, “உசிரோட இருக்கே, அது போதாதா” என்றார்.

கல்லுக்கட்டு இல்லாதவர்களுக்கு இரட்டைச் சட்டி முறை கைகொடுத்தது. பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டியை இறக்கி, நடுவில் மணல் நிரப்பி, மணலை மட்டும் நனைப்பது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்றில் ஈரம் ஆவியாகி உள்சட்டி நன்றாகக் குளிர்கிறது. ஒக்டோபரில் மழை இறங்கியதும் இந்த வித்தை பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது எது ஆவியாகும்? அப்போது மணலை நனைப்பதை நிறுத்தி, மேலே தெளிந்த பொலித்தீன் கூரை போட வேண்டும். பக்கங்களை மூடக்கூடாது. மூடிய இரண்டு வீடுகளில் பூஞ்சணம் பிடித்தது.

கலவையில் பாதிக்கு மேல் குறுணிக்கல்லும் கழுவிய ஆற்று மணலும் இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குக் கல் பரப்பினால் மண் தெறித்து இலையில் ஒட்டாது. எடெல்வைஸ் சுண்ணாம்புப் பாறையை விரும்பும் செடி; நம் மண்ணோ புளிப்பு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டியபின் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளில் ஒரு பிடி போதும். யூரியாவைத் தொடவே வேண்டாம். கொழுந்துக்கு நல்லது இதற்கு நஞ்சு. கொழுகொழுவென்று வளர்ந்து அடுத்த மழையில் உருகிவிடும்.

விதை பற்றி. இவற்றில் பல, குளிர்காலம் கடந்தாலொழிய முளைக்காதவை. ஈர மணலோடு கலந்து பிரிஜில் நாலைந்து கிழமை வைத்து எடுத்தால் குளிர்காலம் கழிந்ததென்று நம்பிவிடும். பிரிஜுக்கு வேலை இங்கேதான். பொட்டலத்தில் பெயர் எழுதிவைக்கவும். ஒரு வீட்டில் மாமியார் பழுதான சீரகம் என்று வீசிவிட்டார். சுவிஸில் உள்ள உறவினரிடம் விதை சொல்லி அனுப்புவோருக்கும் ஒரு வார்த்தை: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் சூட்கேசில் ஒளித்துக் கொண்டுவருவதைச் சங்கம் ஆதரிக்காது.

ஒரு நாற்றுமேடையில் ‘செம்பர்வைவம்’ என்று நல்ல விலை கொடுத்து வாங்கியவை எச்செவேரியா என்று பிறகு தெரிந்தது. அது மெக்சிக்கோ பக்கத்துச் செடி. அழகுதான், ஆனால் கேட்டது அதுவல்ல. இனி வாங்குமுன் டீச்சரிடம் காட்டுங்கள்.

ஹக்கலை தாவரவியல் பூங்காச் சுற்றுலா இனிதே நடந்தது. 1861இல் சிங்கோனா பயிரிட்டுத் தொடங்கிய இடம்; சுமார் 1,700 மீற்றர். போகும் வழியில் வெலிமடையில் கரட் வாங்க நிறுத்தியதில் பஸ் தாமதமானதற்குச் செயலாளர் பொறுப்பல்ல.

அந்தப் பஸ்ஸில்தான் வாக்குவாதமும் வந்தது. ஹோட்டன் சமவெளியில் மகாரத்மல் என்ற சிவப்புப் பூ மரத்தின் கன்றுகள் கிடக்கின்றனவே, இரண்டு பிடுங்கி வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். 1988 முதல் அது தேசியப் பூங்கா. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஓர் இலையைக்கூட எடுக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தக் குளிரில் நிற்கும் மரத்தைப் பதுளை வெயிலில் கொல்வதற்காகவா பிடுங்குவது? செயற்குழு இதை எழுத்தில் பதிந்துள்ளது: காட்டிலிருந்து எடுத்த செடி சங்கக் கண்காட்சியில் வைக்கப்படாது.

எடெல்வைஸில் ஒருவருக்கு மட்டும் சில நாற்றுகள் மிஞ்சியுள்ளன. ஜென்ஷியன் எதுவும் தப்பவில்லை. அதை மறுபடி முயல்வதை விட, அதே குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டுப் பினர நீலப்பூவை, முறையாகப் பெற்ற விதையில் வளர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். சபை முடிவு செய்யட்டும்.

மணலும் குறுணிக்கல்லும் பொதுவில் ஒரு லொறி இறக்கும் யோசனை உண்டு. வேண்டியவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதையும் கையோடு கொடுத்துவிட்டால் நல்லது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்