துளையைப் பற்றி நீ கேட்டது

பாப்பாவுக்கு,

பசியாறிவிட்டாயா? செந்தூலில் ஒரு வாரமாகச் சாயங்காலம் தவறாமல் மழை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். அண்ணனுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பதில் போகிறதாம். நல்லது, யாருக்காவது போனால் சரி.

அன்றைக்குப் போனில் கேட்டாயே, விமானத் தகட்டில் கோல்ட் வொர்க், அதாவது சூடாக்காமல் விரித்துப் பலப்படுத்தும் வேலை, ஒழுங்காகச் செய்யாத துளையை, போல்ட் மாதிரி ஃபாஸ்ட்னர் போட்ட பிறகு கண்டுபிடிக்க முடியுமா என்று. "முடியாது" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு, பேச்சை ரொட்டி சனாய் விலைக்குத் திருப்பிவிட்டேன். உன் குரல் கேட்டு 19 நாள் ஆகிறது. கேள்விக்கு முழுப் பதில் தரவில்லையே என்றுதான் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை.

இறக்கையின் அடித்தகடு பறக்கும்போதெல்லாம் இழுபடுகிறது. துளை ஓரத்தில் அந்த இழுவிசை ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடும், விரிசல் அங்கேதான் பிறக்கும். ஸ்லீவ் என்ற மெல்லிய குழாயை மேண்ட்ரல் என்ற தடித்த கம்பியில் மாட்டி, துளைக்குள் விட்டுக் கம்பியை இழுக்கும்போது துளை மீள முடியாத அளவுக்கு விரிகிறது. வெளியே இருக்கும் உலோகம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்து உள்ளே நெருக்குகிறது. அந்த நெருக்கம் துளையைச் சுற்றி ஓர் ஆரம் அளவுக்காவது நிற்கும். விரிசல் அதைத் தாண்டித்தான் வளர வேண்டும். ஆயுள் மூன்று மடங்காவது கூடும் என்பது அதனால்தான்.

ஆனால் இதெல்லாம் நடப்பது எவ்வளவு சின்ன அளவில் என்று பார். கால் அங்குலத் துளை 6.35 மி.மீ. அலுமினியத்துக்கு விரிவு 4 சதவீதம் என்று வைத்தால் கால் மில்லிமீட்டர்தான். துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் ஆடி, தொடக்கத் துளை 0.1 மி.மீ. பெரிதாகிவிட்டால் அந்த 4, இரண்டரைக்கும் கீழே வந்துவிடும். மேண்ட்ரல் 0.05 தேய்ந்திருந்தால் இன்னொரு முக்கால் சதவீதம் போச்சு. மேண்ட்ரல் என்னவோ வழக்கம்போல 'டக்'கென்று வெளியே வரும், அதை இழுக்கும் புல்லர் கருவியும் குறை சொல்லாது. அதனால்தான் அளவு சரிபார்க்கும் கேஜ். தொடக்கத் துளைக்கு கோ, நோ-கோ: ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. மேண்ட்ரலுக்கு வேலை தொடங்கும் முன்னே தேய்மான கேஜ். ஸ்லீவ் ஒரு துளைக்கு ஒன்று, எடுத்ததை மறுபடி போடக் கூடாது. அதன் வெட்டு வாய் படத்தில் காட்டிய திசையில் நிற்க வேண்டும். விரித்த பிறகு மறுபடி கேஜ். அதற்கப்புறம்தான் கடைசி ரீம், ஃபாஸ்ட்னர் தலை பதியக் குடையும் கௌண்டர்சிங்க் எல்லாம்.

நீ கேட்டது இங்கேதான் வருகிறது. கடைசி ரீம் ஓடியதும், நன்றாக விரிந்த துளையும் அரைகுறையாய் விரிந்த துளையும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. மின்காந்தத்தால் பார்க்கும் எடி கரண்ட் சோதனை விரிசலைக் காட்டும், விரிசல் வருமுன் நெருக்கம் இருக்கிறதா என்று காட்டாது. ஹேங்கரில் அதற்குச் சாட்சி வேலைக் கார்டில் செய்தவர் குத்திய முத்திரை ஒன்றுதான். இன்ஜினியர் அதை நம்பித்தான் அடுத்த சோதனையைத் தள்ளிவைக்கிறார். கேஜைக் கையில் எடுக்காமல் முத்திரையை எடுக்காதே. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி உனக்குப் புளித்திருக்கும்.

மூடிவிட்டால் தெரியாது என்பது எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு சைனா ஏர்லைன்ஸின் அந்த 747 விமானம் போதும். 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் வால் தரையில் உரசியது. கீறல்களை முழுக்க நீக்காமல் மேலே டபுளர் என்ற ஒட்டுத்தகடு அடித்து மூடிவிட்டார்கள். தகட்டுக்கு அடியில் கீறலிலிருந்து விரிசல் வளர்ந்தது, வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குப் படவில்லை. 2002 மே 25, தைவான் நீரிணைக்கு மேலே சிதறியது, 225 பேர். இருபத்திரண்டு வருஷம் அந்த டபுளர் அழகாகத்தான் இருந்தது.

உன் லைசன்ஸ் படத்தை அம்மா பத்துமலைக்குப் போகும் பஸ்ஸில்கூடக் காட்டுகிறாள். எனக்கு மட்டும் பெருமை இல்லையா? ஆனால் ஒரு நல்லது கெட்டது என்றால் அப்பாவிடம் சொல்ல வராதா உனக்கு? வராது. ஏன் வராது என்று யோசித்தேன். "என் கார்டில் பொய் கிடையாது" என்று சாப்பாட்டு மேசையில் ஆயிரம் தடவை சொன்னவன் நான்.

அது பொய் பாப்பா.

சுபாங்கில் ஓர் இரவு ஷிப்ட், பதினான்கு துளை. கடைசி ரீம் முடித்துக் கார்டைப் பார்க்கிறேன், மேண்ட்ரல் கேஜ் கட்டம் காலி. நான் கேஜ் வைக்கவே இல்லை. விமானம் காலையில் போக வேண்டும். முத்திரை குத்தினேன். அந்த மேண்ட்ரல் சரியாகவே இருந்திருக்கலாம். மறுநாளே கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கப் பயம், பார்க்கவில்லை. விமானத்தைப் பிறகு விற்றுவிட்டார்கள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

நான் அன்றைக்குச் செய்யாததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். யாரோ ஒருவர் கேஜ் வைக்கவில்லை என்று வைத்துக்கொள். முதலில் மேண்ட்ரலைத் தனியே எடுத்துக் கட்டிவைக்க வேண்டும், மறுபடி யாரும் அதைத் தொடக் கூடாது. எந்தெந்தத் துளை என்று எண் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், வாயால் அல்ல. விளிம்புத் தூரம், அதாவது துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி, மிச்சமிருந்தால், இன்ஜினியர் ஒப்புதலோடு ஃபாஸ்ட்னரைக் கழற்றி, அடுத்த அளவுக்கு ரீம் செய்து, அந்த அளவு ஸ்லீவ், மேண்ட்ரல் கொண்டு மறுபடி விரிக்கலாம். தூரம் இல்லையென்றால் அந்தத் துளைகளை விரிக்காத துளை என்று கணக்கில் வைத்துச் சோதனையை முன்கூட்டியே கொண்டுவருவார்கள். தூரத்தைப் பெரிதான விட்டத்தை வைத்து அளக்க வேண்டும், பழைய விட்டத்தை வைத்து அல்ல. முத்திரை போகலாம், சில மாதம் சம்பளம் குறையலாம். வீட்டுக் கடனில் என் பங்கு ஒன்றரை வருஷத்துக்குத் தாங்கும், கணக்குப் பார்த்துவிட்டேன்.

சீலண்ட் சுரண்ட இரும்பு பிளேடை எடுக்காதே, பிளாஸ்டிக்தான்.

அம்மா பச்சை டின்னில் முறுக்கு அனுப்பியிருக்கிறாள். டின்னைத் திருப்பிக் கொண்டுவா, கேட்பாள். ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருக்கிறேன், போன் என் பக்கத்தில்தான் இருக்கும். அம்மா எடுக்க மாட்டாள்.

அப்பா